நாகர்கோவிலில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது போர்ஷே 718 கேமன். இரண்டு லிட்டர் டர்போ இன்ஜின், 300 குதிரைத்திறன், இரண்டே இருக்கை. கொச்சியில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. அதற்கு முன் இருபது வருடத்துக்கும் மேல் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை பார்த்தேன். ஊருக்குத் திரும்பி, வீடு கட்டி, மகள் படிப்பை முடித்த பிறகுதான் இதை வாங்கினேன். டீக்கடையிலும் பெட்ரோல் பங்கிலும் கல்யாண வீட்டிலும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நின்று பேச எனக்குப் பிடிக்கும். ஆனால் பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, பாதியில் விட்டுவிட்டு வந்த பதில்கள்தான் அதிகம். அவற்றை இங்கே முழுசாகச் சொல்கிறேன்.

எவ்வளவு வேகம் போகும்?

மணிக்கு 275 கி.மீ. என்று கம்பெனி சொல்கிறது. நான் பார்த்ததில்லை. ரோட்டில் பார்க்கவும் மாட்டேன்.

அப்படியானால் நம்ம ஊர் ரோட்டில் இதை வைத்து என்ன செய்வீர்கள்?

கேட்கிறவர்கள் பாதி அக்கறையாகவும் பாதி வருத்தமாகவும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல் வாழ்கிறோம். நாகர்கோவிலில் கிளம்பி பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை என்று களியக்காவிளை வரை போனால் ஓர் ஊர் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று தெரியாது. வீட்டு வாசல்படியிலிருந்து ரோட்டுக்கு நாலு அடி. அந்த ரோட்டில் 300 குதிரைத்திறனுக்கு வேலையே இல்லை.

ஆனால் நல்ல ஸ்போர்ட்ஸ் காரின் சுகம் வேகத்தில் மட்டும் இருந்தால் நான் இதை வாங்கியிருக்க மாட்டேன். கேமனில் இன்ஜின் முன்னால் இல்லை, முதுகுக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. மூக்கில் கனமில்லாததால் ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பினாலே கார் கூடவே வருகிறது. ரோடு நனைந்திருக்கிறதா, மணல் கிடக்கிறதா என்பது உள்ளங்கைக்குத் தெரிகிறது. பிரேக் மிதியை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுக்குச் சரியாக நிற்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதெல்லாம் 50 கி.மீ. வேகத்திலேயே கிடைக்கிற இன்பம். பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறைக்கு நாற்பதில் போவேன். ரப்பர் தோட்டத்துக்குள் ரோடு வளைந்து வளைந்து ஏறும். கண்ணாடியை இறக்கிவிட்டால் பின்னால் இன்ஜின் மூச்சு விடுவது கேட்கும். அதற்கு மேல் அந்த ரோட்டில் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

விடியற்காலை ஐந்து மணிக்கு ரோடு காலியாகத்தானே இருக்கும்? அப்போது அழுத்தலாமே?

காலியாகத் தெரியும். காலியாக இருக்காது. இதை நான் மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன்.

விடியுமுன் ரோட்டில் இருக்கிறவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர் நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு பழைய பைக்கில் போவார், பின்பக்க லைட் எரியாது. தோவாளைச் சந்தைக்குப் பிச்சிப்பூ மூட்டையோடு ஒருவர். கடற்கரையிலிருந்து மீன் கூடையோடு பஸ் பிடிக்க நிற்கும் பெண்கள். நடைப்பயிற்சிக்கு வரும் ஓய்வுபெற்ற வாத்தியார், அதுவும் கறுப்புச் சட்டையில். கோயில் கொடையோ பள்ளித் திருவிழாவோ முடிந்து தூக்கக் கலக்கத்தில் வீடு திரும்பும் குடும்பம். அவர்கள் யாரும் அந்த நேரத்தில் ஒரு கார் வினாடிக்கு 28 மீட்டர் வேகத்தில் வரும் என்று எதிர்பார்ப்பதில்லை.

28 மீட்டர் என்பது வெறும் 100 கி.மீ. வேகம்தான். ஓர் ஆளைப் பார்த்து, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி ஆகும். அதற்குள் 42 மீட்டர் போய்விடுவோம். அதன் பிறகுதான் பிரேக் பிடிக்கத் தொடங்குகிறது. உலர்ந்த ரோட்டில் என் கார் இன்னொரு 40 மீட்டருக்குள் நின்றுவிடலாம். சாதாரண கார் இன்னும் கொஞ்சம் கூட எடுத்துக்கொள்ளும். ஆனால் முதல் 42 மீட்டரை எந்த பிரேக்காலும் குறைக்க முடியாது. காசு கொடுத்து வாங்க முடியாத தூரம் அது.

காவல்கிணறு தாண்டினால் நாலுவழிச் சாலை இருக்கிறதே?

இருக்கிறது. பலகையில் போட்டிருக்கும் வேகத்தில் போவேன். நடுத் தடுப்பில் இடைவெளி விட்ட இடங்களில் எதிர்த்திசையில் பைக் வரும், ஆடு வரும். அந்த இடங்கள் எனக்கு மனப்பாடம், அங்கே காலை எடுத்துவிடுவேன்.

ஆரல்வாய்மொழிக் காற்றில் இவ்வளவு தாழ்ந்த காருக்கு என்ன பயம்?

தாழ்ந்திருப்பதால் லாரியைவிடக் குறைவாகத்தான் அடிவாங்கும். ஆனாலும் பயம் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடத்தில் இருக்கும் இடைவெளி இந்தக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று வேறு வழியில்லாமல் இதற்குள் நெருக்கிக்கொண்டு பாய்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அதுதான். வைகாசி கடைசியிலிருந்து ஆவணி, புரட்டாசி வரை அந்தப் பக்கம் போகிற ஒவ்வொருவருக்கும் இது தெரியும்.

நாகர்கோவிலிலிருந்து கிழக்கே போகும்போது காற்று பெரும்பாலும் முதுகில் தள்ளும். அது சிரமமில்லை. காவல்கிணற்றில் திருநெல்வேலிப் பக்கம் திரும்பியதும் அது இடது தோளில் அடிக்கத் தொடங்கும். நம்மை அறியாமலே ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் இடப்பக்கம் பிடித்துக்கொண்டுதான் நேராகப் போய்க்கொண்டிருப்போம். இப்போது இடது தடத்தில் போகும் கன்டெய்னர் லாரியை முந்துகிறீர்கள் என்று வையுங்கள். லாரி காற்றை மறைத்துவிடும். கை மட்டும் இடப்பக்கமே பிடித்திருக்கும். கார் லாரியை நோக்கி நழுவும். பதறித் திருத்துவோம். திருத்திய அதே நொடியில் லாரியின் மூக்கைத் தாண்டியிருப்போம், காற்று மறுபடி முழு பலத்தோடு அடித்து நடுத் தடுப்புப் பக்கம் தள்ளும்.

எனக்கு ஓர் ஆடி மாதம் இது நடந்தது. அரைத் தடம் விலகினேன். வலப்பக்கம் இடம் இருந்ததால் தப்பித்தேன். அதிலிருந்து காற்றுக் காலத்தில் லாரியை முந்தும்போது மூன்று விஷயம் செய்கிறேன்: வலப்பக்க ஓரமாக விலகியே முந்துவேன், ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்காமல் இரண்டு கையாலும் மென்மையாகப் பிடிப்பேன், லாரியின் மூக்கு வருவதற்கு முன்பே அடுத்த தள்ளு வரப்போகிறது என்று மனதைத் தயார் செய்துகொள்வேன். வேகம் குறைவாக இருந்தால் மூன்றுமே சுலபம்.

ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டாதா?

தட்டும். சாலைகளுக்குத் தரவிதி வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமுமாகச் சரிவாக இருக்க வேண்டும். அப்படிக் கட்டியதில் என் கார் தட்டாமல் ஏறி இறங்கும். தெருக்காரர்கள் கான்கிரீட்டைக் குவித்து வைத்த குறுகிய மேடுகள்தான் சிக்கல். அவற்றைத் திட்டவும் மனசு வராது. அந்தத் தெருவில் யாரோ ஒரு பிள்ளை அடிபட்ட பிறகுதான் பெரும்பாலும் அவை முளைத்திருக்கும்.

பின்னால் யாருமில்லை என்று பார்த்துவிட்டு, சாய்வாக ஏற வேண்டும். ஒரு சக்கரம் ஏறி இறங்கிய பிறகு அடுத்தது. மேட்டின் மேல் இருக்கும்போது பிரேக்கை விட்டுவிட வேண்டும், பிரேக் பிடித்தால் மூக்கு இன்னும் தாழும். வழக்கமாகப் போகும் வழிகளில் எந்த மேடு தட்டும் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். புது ஊருக்குப் போகுமுன் பைக்கில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவதும் உண்டு.

வாங்க எவ்வளவு ஆகும்? செலவு கட்டுப்படியாகுமா?

வாங்கும் விலையைவிட அதற்குப் பிறகு ஆகும் செலவைக் கணக்குப் போடுங்கள். 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதுக் காருக்குத் தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஆயுள் வரியே 20 சதவீதம். அதன் பிறகு டயர். என் காரில் முன்னால் 235, பின்னால் 265 அகலம், அளவு வேறு வேறு என்பதால் முன்னும் பின்னும் மாற்றிப் போட முடியாது. பின் டயர் சீக்கிரம் தேயும். நாகர்கோவில் கடைகளில் இந்த அளவு இருப்பில் இருக்காது, சொல்லி வைத்து வரவழைக்க வேண்டும். வந்ததும் டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். பழைய இருப்பாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

ஸ்டெப்னி கிடையாது. பசை டப்பாவும் சின்ன காற்று மோட்டாரும்தான் உள்ளே இருக்கும். டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் பசை உதவாது, கார் முழுவதையும் மேலே ஏற்றிச் செல்லும் வண்டிதான் வர வேண்டும். கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். ஜாக்கி வைக்கும் இடத்தை நீங்களே காட்டுங்கள். ஒரு ஒர்க்‌ஷாப்பில் நான் டீ குடிக்கப் போன நேரத்தில் அடிப்பலகைக்குக் கீழே ஜாக்கி கொடுத்துப் பிளந்துவிட்டார்கள். பையன் பயந்து அழும் நிலையில் நின்றான். தெரியாமல் செய்ததுதான், நான் நின்று காட்டியிருக்க வேண்டும்.

மாதச் சம்பளத்தில் கடன் போட்டு இதை வாங்குவதானால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தவணை கட்டிவிடலாம். பிரேக் பேடும் டயரும் மாற்ற வேண்டிய மாதம் வரும்போது தள்ளிப்போடத் தோன்றும். இந்தக் காரில் தள்ளிப்போடக் கூடாதவை அவை இரண்டும்தான்.

கேரளப் பதிவுள்ள காரை வாங்கி அப்படியே ஓட்டலாமா?

களியக்காவிளை தாண்டினால் கேரளம் என்பதால் நம் மாவட்டத்தில் இந்தக் கேள்வி அதிகம். வேறு மாநிலப் பதிவுள்ள வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் பதிவை மாற்றியாக வேண்டும். அங்கிருந்து தடையின்மைச் சான்று வாங்கி, வண்டியின் வயதுக்கு ஏற்ற வரியை இங்கே கட்டி, நாகர்கோவில் என்றால் டி.என். 74, மார்த்தாண்டம் என்றால் டி.என். 75. விலை பேசும்போதே இந்த வரியையும் சேர்த்துப் பேசுங்கள். வரியை மிச்சம் பிடிக்க எங்கோ ஒரு விலாசத்தைக் காட்டிப் பதிவு செய்வது வேண்டாம், விபத்து என்று வரும்போது இன்சூரன்ஸில் அது இடிக்கும்.

எந்தப் பெட்ரோல்?

மேனுவலில் சொன்ன ஆக்டேன், அதாவது அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் எண். சாதாரண பெட்ரோலைப் போட்டால் இன்ஜின் வெடித்துவிடாது. பெட்ரோல் கண்ட நேரத்தில் பற்றித் தட்டல் வருவதைச் சென்சார் உணர்ந்து தீப்பொறியைத் தாமதப்படுத்திவிடும், சக்தி குறையும், சூடு கூடும். ஊருக்குள் ஓட்ட 95 ஆக்டேன் போடுகிறேன். பெரிய ஊருக்குப் போகும்போது அதற்கு மேல் கிடைத்தால் நிரப்பிக்கொள்வேன். இப்போது பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலந்து வருகிறது, உங்கள் காருக்கு எவ்வளவு வரை ஏற்கும் என்று மூடிக்குள் இருக்கும் ஸ்டிக்கரில் பாருங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அரை டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பது நல்லதல்ல.

கடல் காற்றில் துருப்பிடிக்காதா?

கப்பலில் வேலை பார்த்தவனிடம் கேட்கிறீர்கள், இதற்கு நீளமாகவே சொல்வேன். உப்பு கண்ணுக்குத் தெரியாமல் உட்காரும். முட்டம், குளச்சல், கன்னியாகுமரி என்று கடலோரம் போய்விட்டு வந்தால் அன்று மாலையே நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தையும் சக்கர வளைவுகளையும் கழுவுவேன். மேலே பளபளப்பாகத் துடைத்துவிட்டு அடியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். கழுவிய உடனே நிறுத்தினால் பிரேக் டிஸ்க்கில் காலைக்குள் செம்மண் நிறத்தில் துரு படியும். அதனால் கழுவியதும் தெருவைச் சுற்றி ஒரு முறை ஓட்டி, நாலைந்து தடவை மெதுவாக பிரேக் பிடித்து, டிஸ்க்கைக் காயவைத்த பிறகுதான் ஷெட்டில் விடுவேன்.

இன்னொன்று பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 ரகத்துக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அதே ரகத்துக்கு 155 டிகிரி போதும் என்று அதே விதி சொல்கிறது. அதாவது அவ்வளவு தூரம் இறங்கிவிடக்கூடியது அது. நம்ம ஊர் ஈரக் காற்றில் இரண்டு வருடம் காத்திருக்க மாட்டேன், வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். மலையிறக்கத்திலோ டிராக்கிலோ ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் மிதி தரையைத் தொடும், கார் நிற்காது.

ரொம்ப நாள் நிறுத்தினால் பேட்டரிக்குச் சின்ன சார்ஜர் போட்டு வையுங்கள். எலிப் பொறியும் வையுங்கள், தேங்காய் கிடக்கும் வீடு என்றால் நிச்சயம்.

மழையில்?

நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஆனியிலும் நனைவோம், ஐப்பசியிலும் நனைவோம். அகலமான டயர் உலர்ந்த ரோட்டில் வரம், தண்ணீரில் அது ஒரு பலகை. தேங்கிய நீரை ஓரமாகத் தள்ள முடியாதபோது டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும். டயர் காற்றழுத்தம் 32 பி.எஸ்.ஐ. என்றால் மணிக்கு 90 கி.மீ. சுமாரில் இது நடக்கலாம் என்பது விமான டயர்களை வைத்துக் கண்டறிந்த பழைய கணக்கு. பட்டன் தேய்ந்திருந்தால் இன்னும் முன்பே. மிதந்தால் ஸ்டீயரிங் திடீரென்று காற்றுப்போல லேசாகும். அப்போது பிரேக்கும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம், காலை மெதுவாக எடுத்துவிட்டு நேராகப் பிடித்திருங்கள். பெருமழை என்றால் நான் வீட்டிலிருக்கும் சின்னக் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

சைலன்சரை மாற்றிச் சத்தம் கூட்டலாமே?

கூடாது. சட்டப்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. அதைவிட, எங்கள் தெருவில் மூன்று வீட்டில் படுத்த படுக்கையாகப் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

பைக்கில் வரும் பையன்கள் “அண்ணே, ஒரு முறுக்கு முறுக்குங்க” என்று கேட்டால்?

முறுக்க மாட்டேன். முதலில் சிரித்து நகர்ந்துவிடுவேன். இப்போது நிறுத்தி இறங்கிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்வதிபுரம் மேம்பாலத்தில் மூன்று பேர் ஒரே பைக்கில், ஹெல்மெட் இல்லாமல், போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார்கள். நான் வேகம் கூட்டினால் அவர்களும் கூட்டுவார்கள். அந்தப் பையன்களுக்கு ஏதாவது ஆனால் அதில் என் பங்கும் உண்டு. வேகத்தைக் குறைத்தேன், அவர்களும் குறைத்தார்கள். இறங்கியதும் ஓரமாக நிறுத்தி, ஒவ்வொருவராக டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். பின்பக்கக் கதவைத் தூக்கி, இன்ஜின் எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்று சொன்னேன். பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு என்பதையும் சொன்னேன். அதில் ஒருவன் பிறகு கார்ட்டிங் (சின்னப் பந்தய வண்டி ஓட்டுவது) பற்றி விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்தான்.

பிறகு முழு வேகத்தில் எங்கேதான் ஓட்டுவது?

டிராக்கில். நமக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சுமார் 2.1 கி.மீ. சுற்று. பந்தய வீரரும் பந்தயக் கார் வடிவமைப்பாளருமான எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கியது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இயங்கும் சென்னை டிராக் 3.7 கி.மீ., 12 வளைவுகள். இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க்காரர், அடுத்தவர் கருண் சந்தோக் சென்னைக்காரர் என்பது தற்செயல் அல்ல, டிராக் இருக்கும் மாநிலத்தில்தான் ஓட்டுநர்கள் உருவாகிறார்கள். நொய்டா பக்கமுள்ள புத் சர்க்யூட் 5.125 கி.மீ., அது நமக்கு நாட்டின் மறுகோடி.

நாகர்கோவிலிலிருந்து சென்னை டிராக் சுமார் 700 கி.மீ. நான் வருடத்துக்கு இரண்டு முறை போகிறேன். முந்தின நாள் இரவு திருச்சியில் தங்கிவிடுவேன். களைத்த உடம்போடு டிராக்கில் இறங்கக் கூடாது.

முதல் டிராக் நாளுக்கு எப்படித் தயாராவது?

காருக்குப் புது பிரேக் ஆயில், பாதிக்கு மேல் மிச்சமிருக்கும் பேட், வயதாகாத டயர். சக்கர போல்ட்டை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். என் காருக்கு 160 நியூட்டன் மீட்டர், உங்களுடையதை மேனுவலில் பாருங்கள். முதல் சுற்றுகள் முடிந்து ஆறியதும் மறுபடி சரிபாருங்கள். காருக்குள் இருக்கும் தண்ணீர் பாட்டில், குடை, டேஷ்போர்டு பிள்ளையார், மிதியடி எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பாட்டில் உருண்டு பிரேக் மிதிக்கு அடியில் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உங்களுக்கு முழுக்கைப் பருத்திச் சட்டை, மெல்லிய அடியுள்ள ஷூ, கார் பந்தயத்துக்கான தரச்சான்று பெற்ற ஹெல்மெட். பைக் ஹெல்மெட்டை நெருப்பு தாங்குமா என்று சோதிப்பதில்லை, கார் ஹெல்மெட்டைச் சோதிப்பார்கள்.

டயர் காற்று ஒரு தனிப் பாடம். ஓட ஓடச் சூடேறி, ஒவ்வொரு ஐந்தாறு டிகிரிக்கும் ஒரு பி.எஸ்.ஐ. கூடிக்கொண்டே போகும். நம் வெயிலில் 32 வைத்துக் கிளம்பினால் மூன்றாவது சுற்றில் பலூன்போல வீங்கிப் பிடிப்பு குறையும். சூடான பிறகு எவ்வளவு இருக்க வேண்டும் என்று பயிற்சியாளரிடம் கேட்டு, பிட்டுக்கு, அதாவது டிராக் ஓரத்தில் கார்கள் நிற்கும் இடத்துக்கு வந்த உடனே அளந்து இறக்குங்கள். இரவு வீடு கிளம்பும் முன் மறக்காமல் மறுபடி ஏற்றுங்கள்.

கொடிகளை முந்தின நாளே மனப்பாடம் செய்யுங்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, வேகம் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், மெதுவாகப் பிட்டுக்குத் திரும்பு. நீலம் என்றால் பின்னால் வேகமான கார், வழி விடு. மஞ்சளில் சிவப்புக் கோடு என்றால் ரோட்டில் வழுக்கல். கறுப்பு என்றால் உன்னைக் கூப்பிடுகிறார்கள், உள்ளே வா.

கடைசிச் சுற்று ஆறவிடும் சுற்று. பிரேக்கைத் தொடாமல் உருட்டி வாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், கொதிக்கும் டிஸ்க்கில் பேட் ஒட்டித் தடம் விழும்.

டிராக்கில் என்ன கற்றுக்கொண்டீர்கள்?

சுழன்றுதான் கற்றுக்கொண்டேன். இருங்காட்டுக்கோட்டையில் என் முதல் நாள், இரண்டாவது ஓட்டம். சறுக்காமல் பிடிக்கும் காரின் எலக்ட்ரானிக் உதவியை அணைக்க வேண்டாம் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். நான் அணைத்திருந்தேன். ஒரு வளைவுக்குள் தாங்க முடியாத வேகத்தில் நுழைந்துவிட்டேன் என்று நடுவில் உணர்ந்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலைப் பட்டென்று எடுத்தேன். கண் இமைப்பதற்குள் கார் சுழன்று புல்வெளியில் எதிர்த்திசை பார்த்து நின்றது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கை மட்டும் அரை மணி நேரம் நடுங்கியது.

நடந்தது இதுதான். காலை எடுத்ததும் காரின் எடை முன் சக்கரங்களுக்குத் தாவியது. பின் சக்கரங்கள் லேசாகி நழுவின. இன்ஜின் நடுவில் உள்ள காரில் கனமெல்லாம் நடுவில் குவிந்திருப்பதால் அது சுலபமாகத் திரும்பும். அதே காரணத்தால், நழுவத் தொடங்கினால் வேகமாகவும் சுழலும். பிடித்து நிறுத்த நேரம் தராது.

அதன் பிறகு பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தந்ததை என் மொழியில் சொல்கிறேன். டயருக்குப் பிடிப்பு ஒரு குடம் தண்ணீர் மாதிரி. அந்தக் குடத்தில்தான் பிரேக் பிடிக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், வேகமெடுக்கவும் வேண்டும். முழுக் குடத்தையும் பிரேக்கில் ஊற்றிவிட்டால் திரும்ப ஒரு சொட்டு இருக்காது. அதனால் நேர்க்கோட்டிலேயே பிரேக்கை முடித்துக்கொள். வளைவுக்குள் போகப் போக பிரேக்கை விட்டுக்கொண்டே ஸ்டீயரிங்கைக் கூட்டு. வெளியே வரும்போது ஸ்டீயரிங்கை நேராக்கிக்கொண்டே ஆக்சிலேட்டரைக் கூட்டு. ஒன்று குறைகிற அளவுக்குத்தான் இன்னொன்று கூட வேண்டும். எதையும் பட்டென்று செய்யாதே.

அடுத்தது கண். கண் போகிற இடத்துக்குத்தான் கார் போகும். முன்னால் பத்து மீட்டரைப் பார்க்காமல் வளைவின் உள்மூலையை, அங்கே சேருமுன் வெளியேறும் இடத்தைப் பார்க்க வேண்டும். நம் கடற்கரையில் பெரியவர்கள் மீன் பார், அதாவது கடலடியில் மீன் கூடும் பாறைத் திட்டு, இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று யோசியுங்கள். கரையில் ஒரு மலை உச்சியும் ஒரு கோபுரமும் ஒரே நேராக வரும் இடம், அதுதான் அடையாளம். டிராக்கிலும் அப்படித்தான். பலகை, தார் ஒட்டு, கொடிக்காரர் நிற்கும் மேடை என்று ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் அடையாளம் வைத்து, அதே இடத்தில் பிரேக், அதே இடத்தில் திருப்பம். அடையாளம் இல்லாமல் வேகமாக ஓட்டுவது குருட்டுத்தனம்.

இதில் பெரும்பகுதி ரோட்டுக்கும் உதவுகிறது. திருவனந்தபுரம் போகும் வழியில் ஒரு பிள்ளை பந்தின் பின்னால் ஓடி வந்தபோது, சின்னக் காரில்தான் இருந்தேன், 40 கி.மீ. வேகம். கால் முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தது, கண் பிள்ளையைப் பார்க்காமல் அவனுக்கு இடப்பக்கம் இருந்த இடைவெளியைப் பார்த்தது. டிராக்குக்குப் போகாத பழைய நானாக இருந்தால் பிள்ளையையேதான் பார்த்திருப்பேன்.

டிராக்கில் இடித்தால் இன்சூரன்ஸ் வருமா?

வராது என்று வைத்துக்கொண்டே போங்கள். நம் பாலிசிகளில் ஒழுங்கமைத்த பந்தயம், வேகச் சோதனை இரண்டும் விலக்கு என்று எழுதியே இருக்கும். இடித்தால் என் கையிலிருந்து கட்ட முடியும் என்ற வேகத்தில் மட்டுமே ஓட்டுகிறேன். ரோட்டுக்கோ, தண்ணீர் புகுந்து இன்ஜின் போனால் காக்கும் கூடுதல் பாதுகாப்பை நம் மாவட்டத்தில் கட்டாயம் எடுங்கள்.

என் பையனுக்குப் பதினெட்டு முடிகிறது. இந்த மாதிரி ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா?

வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். வசதி இருப்பதால் கொடுக்கத் தோன்றும், புரிகிறது. அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து அவனைக் கார்ட்டிங்குக்கும் பயிற்சிப் பள்ளிக்கும் அனுப்புங்கள். சாதாரண கியர் கார் ஒன்றில் நாலைந்து வருடம் மழையிலும் இருட்டிலும் ஓட்டட்டும். என் மகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது பிரேக்தான். ஆளில்லாத மைதானத்தில் சின்னக் காரில் 50 வரை போய், முழுசாக மிதிக்கச் சொன்னேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அதிரும்போது பயந்து காலை எடுத்தாள். பத்தாவது தடவையில்தான் எடுக்காமல் மிதித்தாள். நம்மில் எத்தனை பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது பிரேக்கை முழுசாக மிதித்துப் பார்த்திருக்கிறோம்?

வயதானவர்களை ஏற்ற முடியுமா?

முடியும். எண்பதைத் தொடும் என் அம்மை ஏறுகிறாள். காலை முதலில் உள்ளே வைக்கக் கூடாது. முதுகைக் காட்டி நின்று, சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே கொண்டுவர வேண்டும். சீட்டில் ஒரு வழுக்கும் துணியை விரித்தால் திரும்புவது சுலபம். மார்கழியில் சுசீந்திரம் தேருக்கு இதில்தான் வருவேன் என்பாள். கோட்டாறு நெரிசலில் இருபதில் ஊர்ந்துகொண்டிருக்கும்போதுகூட “மக்களே, பைய போ” என்பாள். இறங்கும்போது கதவைப் பிடிக்க மாட்டாள், என் கையைத்தான் பிடிப்பாள். அதனால் நிறுத்தியதும் சுற்றி ஓடிப்போய் அவள் பக்கம் நின்றுகொள்வேன்.